கை மரத்துப்போனால் ஹேண்டிலைப் பாருங்கள்

அரை மணி நேரம் சைக்கிள் மிதித்துவிட்டு இறங்கும்போது சிலருக்குச் சுண்டுவிரல் மரத்திருக்கும். மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியும் மரத்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கையை உதறினால் சற்று நேரத்தில் சரியாகும், மறுநாள் திரும்பவும் வரும். வயதாகிவிட்டதோ, ரத்த ஓட்டம் சரியில்லையோ, சர்க்கரை இருக்குமோ என்று மனம் எங்கெங்கோ போகும். சைக்கிளில் ஏறினால் வந்து, இறங்கினால் போய்விடுகிற மரப்பு என்றால், காரணத்தை முதலில் சைக்கிளிலேயே தேடுவதுதான் முறை.

அந்த ஒன்றரை விரல் கணக்கு தற்செயல் இல்லை. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று கீழே ஓடுமே, அது அல்னர் நரம்பு. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். மணிக்கட்டுக்கு வரும்போது அது உள்ளங்கையின் வெளி ஓரமாக, இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையே ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. 1861இல் அந்த வழியை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் கையோனின் பெயரால் அதைக் கையோன் கால்வாய் என்கிறார்கள். அந்த இடத்தில் நரம்புக்கு மேலே காப்பாக இருப்பது அதிகமில்லை. ஹேண்டில் பிடியில் கையை ஊன்றும்போது உடம்பின் பாரம் சரியாக அங்கேதான் இறங்குகிறது. கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு அது. மணிக்கட்டை மேல்நோக்கி மடித்தபடியே ஓட்டுபவர்களுக்கு அது நசுங்கும்.

இதற்குக் கையுறை போடுகிறார்கள், தடிமனான பிடி வாங்கி மாட்டுகிறார்கள். கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் பாரம் எங்கே படுகிறது என்பதைத்தான் அவை மாற்றுகின்றன. இவ்வளவு பாரம் ஏன் கைக்கு வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சைக்கிளில் நம் உடம்பு மூன்று இடங்களில் தொடுகிறது: சீட், பெடல், ஹேண்டில். நம் எடை முழுவதையும் இந்த மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தலை, கைகள், நெஞ்சு, வயிறு எல்லாம் சேர்ந்த மேல் உடம்பு மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 40 கிலோ. அந்த 40 கிலோவும் இடுப்பு மூட்டின் மேல் நிற்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் அதன் எடைமையம் இடுப்புக்கு நேர் மேலே இருக்கும். எடை நேராகச் சீட்டுக்குள் இறங்கிவிடும். முன்னால் சாயச் சாய எடைமையம் இடுப்பைத் தாண்டி வெளியே போகும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. குடம் அதேதான், உடம்பிலிருந்து விலகிய தூரம்தான் அதைக் கனமாக்குகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். முதுகு தரையோடு 80 பாகைக் கோணத்தில் இருந்தால், மேல் உடம்பின் எடைமையம் இடுப்பிலிருந்து சுமார் 5 செ.மீ. முன்னால் இருக்கும். 45 பாகைக்குச் சாய்ந்தால் அது 22 செ.மீ. ஆகிவிடும். அதாவது உடம்பை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை நான்கு மடங்கு. அதை முழுக்கக் கைகளே தாங்க வேண்டுமென்றால் இரண்டு கைகளிலும் சேர்த்து 12, 13 கிலோ எடை விழும். மேடு பள்ளத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது இன்னும் கூடும். ஒன்றரை விரல் மரப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் பந்தய வீரர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்? அவர்களுடைய முதுகு கிட்டத்தட்டப் படுக்கைவசமாகவே கிடக்கிறது. ஐந்து மணி நேரம் அப்படியே போகிறார்கள். அவர்களுக்கு நரம்பு இல்லையா?

இருக்கிறது. ஆனால் அவர்கள் பெடலை அழுத்தும் பலம் வேறு. தொடையைக் கீழே தள்ளுவது பிட்டத்தில் உள்ள பெரிய தசை. அதன் ஒரு முனை தொடை எலும்பில், மறுமுனை இடுப்பெலும்பில். தசை சுருங்கும்போது இரண்டு முனைகளையும் ஒரே அளவில்தான் இழுக்கும். காலைக் கீழே அழுத்துகிற அதே இழுப்பு, இடுப்பைப் பின்னால் இழுத்து முதுகை நிமிர்த்தவும் பார்க்கிறது. 250, 300 வாட் திறனோடு மிதிக்கும் வீரருக்கு ஒவ்வொரு மிதியும் அவருடைய மேல் உடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கைகள் ஹேண்டிலை லேசாகத் தொட்டால் போதும். அதே வீரரைக் கடைத்தெருவுக்குப் போவது போல மெதுவாக மிதிக்கச் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் கை கனக்கத் தொடங்கும்.

இந்த ஒரு விஷயம் சைக்கிள் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் தெரிந்திருந்தால் எத்தனையோ சைக்கிள்கள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்காது என்று நான் நம்புகிறேன். ஹேண்டிலின் உயரத்தை முடிவு செய்ய வேண்டியது நாம் மிதிக்கும் வேகமும் பலமும்தான். அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ சந்தைக்கோ போகிறவர் மிதிப்பது 50, 60 வாட். அந்த அழுத்தம் அவருடைய மேல் உடம்பைத் தாங்கப் போதாது. 300 வாட்டுக்கு என்று வடிவமைத்த சாய்வில் அவரை உட்காரவைத்தால் மிச்ச பாரம் முழுவதையும் உள்ளங்கையும் தோள்பட்டையும்தான் சுமக்க வேண்டும்.

பிறகு ஏன் தாழ்ந்த ஹேண்டில் மீது இவ்வளவு மோகம்? காற்றுதான் காரணம். காற்று தடுக்கும் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிப்படி கூடுகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவர் காற்றுக்கு மட்டும் 490 வாட் அளவுக்குச் செலவழிக்க வேண்டும். குனிந்து போனால் 260 போதும். முதல் எண் பெரும்பாலான மனிதர்களால் சில நிமிடங்கள்கூடத் தர முடியாதது. இரண்டாவது, பயிற்சி பெற்ற வீரருக்குச் சாத்தியமானது. ஆகவே பந்தயத்தில் குனிவது கட்டாயம்.

இந்தக் காற்றுக் கணக்கை உலகத்துக்கு உறைக்கும்படி காட்டியவர்கள் ஒரு மணி நேரச் சாதனைக்காக ஓட்டியவர்கள். 1933இல் பிரான்சில் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மொஷே வடிவமைத்த சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. தூரத்தைத் தாண்டினார். அவர் முதல் தரப் பந்தய வீரர் இல்லை. அவரைத் தூக்கிச் சென்றது அவர் படுத்திருந்த விதம். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வகை வண்டிகளைப் பந்தயக் கணக்கிலிருந்து விலக்கியது. 60 ஆண்டுகள் கழித்து, 1993இல், ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ கைகளை நெஞ்சுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு ஓட்டும்படி ஹேண்டிலைத் தானே அமைத்து, 51.596 கி.மீ. ஓட்டிச் சாதனையை முறியடித்தார். அந்த இருக்கை முறையும் தடை செய்யப்பட்டது. 1996இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் கைகளை முன்னால் முழுக்க நீட்டிக்கொண்டு 56.375 கி.மீ. போனார். அதுவும் பிற்பாடு தடைக்கு உள்ளானது. கால் பலம் ஒரு பக்கம் இருக்க, ஹேண்டிலை எங்கே வைத்தார்கள் என்பதே விதிப்புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தது.

இப்போது நம் வேகத்துக்கு வருவோம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து போகிறவர் காற்றுக்குக் கொடுப்பது 26 வாட். குனிந்தால் 14. மிச்சமாவது 12 வாட், அவ்வளவே. டயர் சாலையில் உருள்வதற்கே அதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொண்டால் அந்தச் செலவு குறையும், குனியாததால் கழுத்தும் வலிக்காது.

ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமோ பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே பொள்ளாச்சிப் பக்கமோ ஆடி மாதத்தில் எதிர்காற்றில் ஓட்டியவர்களுக்கு ஒரு கேள்வி எழும். எதிரே 25 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், 15இல் போகிறவருக்குக்கூட அது 40 கி.மீ. வேகக் காற்றுதானே? ஆமாம். அதற்கு ஹேண்டிலை நிரந்தரமாகத் தாழ்த்த வேண்டியதில்லை. முழங்கையை மடித்துக் குனிந்துகொண்டால் போதும்; காற்று ஓய்ந்ததும் நிமிரலாம். உயரமான ஹேண்டிலில் குனிய முடியும். தாழ்ந்த ஹேண்டிலில் நிமிர முடியாது, பிடியை விட்டால்தான் உண்டு.

கை மட்டுமல்ல, கழுத்தும் இதே கணக்கில்தான் மாட்டுகிறது. முதுகு சாய்ந்தால் முகம் தரையைப் பார்க்கும். சாலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைப் பிடரித் தசைகள் பின்னால் வளைத்துத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சாலையில் எதிரே லாரி, குறுக்கே ஆடு, பக்கவாட்டுச் சந்திலிருந்து திடீரென்று ஒரு ஸ்கூட்டர். தலையை ஒரு கணமும் தாழ்த்த முடியாது. பின்னால் திரும்பிப் பார்ப்பதும் குனிந்த நிலையில் கடினம். ஆகவே நிமிர்ந்து உட்காருவதை நான் வசதி என்பதோடு பாதுகாப்பு என்றும் சொல்வேன்.

பால்காரர்களும் தபால்காரர்களும் ஓட்டிய பழைய கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். பிடிகள் சீட்டைவிட உயரத்தில், ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்து வரும். கையைத் தொங்கவிட்டு அப்படியே முழங்கையை மடித்தால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்குமல்லவா, அந்த வாக்கிலேயே பிடி கிடைக்கும். மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. சீட்டு அகலமானது, அடியில் சுருள்வில் உண்டு. அந்த வில்லுக்கும் காரணம் இருக்கிறது. நிமிர்ந்தால் கைக்குப் போகாத எடை சீட்டுக்குத்தானே போகும்? குலுக்கலும் நேராக முதுகெலும்பில் ஏறும். உயர்ந்த ஹேண்டில், அகலச் சீட்டு, சுருள்வில் மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கும் ஏற்பாடு. இன்று மலைப்பாதைச் சைக்கிளின் சாயலில் விற்கும் வண்டிகளில் ஒடுக்கமான சீட்டும் நேரான குறுக்குக் கம்பி ஹேண்டிலும் வருகின்றன. ஹேண்டிலை மட்டும் உயர்த்திவிட்டு ஒடுக்கமான சீட்டை அப்படியே விட்டால், கைவலி போய் உட்காரும் இடம் வலிக்கும். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குவதும் சீட்டிலிருந்துதான். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் சீட்டின் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். முழங்கால் வலிக்கிறது என்று சொல்பவர்களிடம் சீட்டை உயர்த்தச் சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் சீட்டை 3 செ.மீ. உயர்த்தினால் ஹேண்டில் ஓட்டுபவருக்கு 3 செ.மீ. தாழ்ந்துவிடுகிறது. முழங்கால் வலி போன சந்தோஷத்தில் இருக்கும்போது கை மரக்கத் தொடங்குவது இப்படித்தான்.

சீட்டு சரியான பிறகு, ஹேண்டிலைத் தாங்கும் தண்டு எந்த வகை என்று பார்க்க வேண்டும். வளைந்த ஒற்றைக் குழாயாக ஃபோர்க்குக்குள் இறங்கி, உச்சியில் ஒரே ஒரு போல்ட் இருந்தால் பழைய வகை. எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் இதில் உயரத்தை மாற்றப் பத்து நிமிடம் போதும், ஒரு பொருளும் வாங்க வேண்டாம். அந்த நீளமான போல்ட்டின் அடிமுனையில் ஒரு ஆப்போ கூம்போ இருக்கும். போல்ட்டை முறுக்கினால் ஆப்பு மேலே ஏறி, தண்டை ஃபோர்க் குழாயின் உள்சுவரோடு இறுக்கிப் பிடிக்கும்.

ஸ்பேனராலோ அலன் கீயாலோ போல்ட்டை இரண்டு, மூன்று சுற்று தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றக் கூடாது. தளர்த்தியும் ஹேண்டில் அசையாது, ஏனென்றால் ஆப்பு இன்னும் அதன் இடத்திலேயே கவ்விக்கொண்டிருக்கும். மேலே எழும்பி நிற்கும் போல்ட்டின் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஆப்பு விடுபட்டுக் கீழே இறங்கும். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பி மேலே இழுக்கலாம். வெளியே வரும் பகுதியில் ஒரு வரிக்கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு கண்ணில் பட்டால் அளவுக்கு மீறி உயர்த்திவிட்டோம் என்று பொருள். அதற்கு மேல் போனால் தண்டு உள்ளே பிடிப்பில்லாமல் ஓடும்போதே முறிந்து வரலாம். இந்த ஒரு எச்சரிக்கையில் சமரசம் வேண்டாம். கடலோர ஊர்களில் தண்டு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்க நேரலாம். திரும்பப் பொருத்தும்போது தண்டில் கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை இந்தத் தொல்லை இல்லை.

கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் இன்னொரு வேலை சேரும். ஹேண்டில் மேலே போனால் முன் பிரேக் கம்பியும் கூடவே மேலே இழுபடும், பிரேக் கட்டை ரிம்மில் உரசத் தொடங்கும். கம்பியை இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். வயர் பிரேக் என்றால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் விறைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

புதிய வகையில் தண்டு குழாய்க்குள் இறங்காது. ஃபோர்க்கின் குழாயே மேலே நீண்டு வந்திருக்கும், ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்வி, பின்பக்கம் இரண்டு போல்ட்டுகளால் இறுகும். 1990களின் தொடக்கத்தில் டியா காம்ப் நிறுவனம் ஏஹெட்செட் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபோர்க்கில் மரை வெட்டும் வேலை மிச்சம், ஒரே ஃபோர்க்கைப் பல அளவு ஃபிரேம்களுக்கு வெட்டிப் பொருத்தலாம், எடையும் குறைவு. தொழிற்சாலைக்கு லாபம்தான். ஓட்டுபவர் இழந்தது, தண்டை இழுத்து உயர்த்தும் வசதி. குழாய் வெட்டிய உயரம்தான் உயரம்.

இதிலும் வழிகள் உண்டு. ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள் அடுக்கியிருந்தால் அவற்றைக் கீழே மாற்றி ஸ்டெம்மை மேலே ஏற்றலாம். கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் அது மேல்நோக்கிப் பார்க்கும். இரண்டும் போதாதென்றால் மேலெழும்பி வளைந்த ஹேண்டில்பாரோ, குழாயின் மேல் பொருத்தும் நீட்டிப்புத் துண்டோ வாங்க வேண்டும். பலரும் தவறாக எண்ணும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. உச்சி மூடியில் உள்ள போல்ட்தான் ஹேண்டிலைப் பிடித்திருக்கிறது என்று நினைத்து அதைப் போட்டு முறுக்குவார்கள். அதன் வேலை பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் அழுத்துவது மட்டுமே. முதலில் மூடிப் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு முறுக்கி, ஹேண்டில் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்து, அதன் பிறகே ஸ்டெம்மின் பின்பக்கப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். எந்த வகையானாலும் கடைசிச் சோதனை ஒன்றே: முன்சக்கரத்தை முழங்காலால் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் பலமாகத் திருப்பிப் பாருங்கள். நழுவினால் இன்னும் இறுக்க வேண்டும்.

எவ்வளவு உயரம்? சாதாரணமாக ஓட்டுபவர் பிடிகளைச் சீட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து தொடங்கலாம், பிறகு ஒரு செ.மீ., ஒரு செ.மீ.யாக உயர்த்திப் பார்க்கலாம். ஃபோர்க் குழாய் பின்னால் சாய்ந்திருப்பதால் 3 செ.மீ. உயர்த்தினால் பிடி ஏறக்குறைய 1 செ.மீ. நம் பக்கமும் நெருங்கி வரும். கை எட்டுவதும் சுலபமாகும். ஆள் இல்லாத சமதளச் சாலையில் ஓட்டும்போது பிடியைத் தளர்த்திப் பாருங்கள். உடம்பு முன்னால் சரிந்தால் இன்னும் உயரம் வேண்டும். தோள்கள் காதை நோக்கி ஏறாமல், முழங்கை லேசாக மடங்கியிருந்தால் நல்ல இடத்துக்கு வந்துவிட்டோம். அதற்கு மேலும் உயர்த்திக்கொண்டே போனால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஹேண்டில் அலைபாயும், பின் கேரியரில் மூட்டை ஏற்றுபவர்கள் இதை உடனே உணர்வார்கள். ஏற்றத்தில் மிதிப்பதும் கடினமாகும்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. ஐந்தடிக்குக் குறைந்த பிள்ளை, ஆறடியை எட்டப்போகும் பிள்ளை என்று உயரம் பார்த்து வண்டி தருவதில்லை. உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அதில் இருப்பவை சீட்டும் ஹேண்டிலும்தான். பல பிள்ளைகள் வாங்கிய நாளில் இருந்த உயரத்திலேயே இரண்டு ஆண்டும் ஓட்டிவிடுகிறார்கள், மாற்றலாம் என்று யாரும் சொல்வதில்லை. வண்டி வழங்கும் நாளிலேயே ஊர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, ஸ்பேனரோடு ஒரு மரத்தடியில் உட்காரவைத்தால், மாலைக்குள் கணிசமான வண்டிகளைப் பிள்ளைகளின் உயரத்துக்கு மாற்றிவிடலாம். இயற்பியல் ஆசிரியர் பக்கத்தில் நின்று திருப்புவிசையை அங்கேயே காட்டலாம். தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை வண்டிகள் வந்து இறங்கும்போது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.